மிளகு போட்ட நாலு வரிசை

கைவேலை டீச்சருக்கு ஒரு வியாதி உண்டு. கோணலாக எதைப் பார்த்தாலும் கை தானாகப் போய் அதை நேராக்கிவிடும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரியின் காலர் மடங்கியிருந்தால் அவளுக்கே தெரியாமல் நிமிர்த்திவிடுவாள். பல் டாக்டரிடம் போன இடத்தில், சுவரில் சாய்ந்து தொங்கிய படத்தைச் சரிசெய்யப் போய் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு நின்ற கதையும் உண்டு. நல்ல குணம்தானே என்பீர்கள். கூட இருந்து அனுபவித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அந்தப் பழக்கம் வந்த இடம் ஒரு ஸ்வெட்டர் கம்பெனி. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே செக்கிங் மேஜையில் உட்கார்ந்தவள். கண்ணாடி மேஜை, அடியில் ட்யூப்லைட். மெஷினில் பின்னி வரும் துணியை அதன்மேல் விரித்து, எங்கே கண்ணி நழுவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நழுவிய கண்ணியைக் கொக்கி ஊசியால் தூக்கிக் கட்ட வேண்டும். ஒரு ஓட்டை தப்பிப் போய்விட்டால் சூப்பர்வைசர் துணியைச் சுருட்டி முகத்தில் எறிவான். இருபது வருஷத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்தால் கண் என்ன ஆகும்? துணியே தெரியாது. ஓட்டைதான் தெரியும்.

வீட்டிலும் அதே கண்தான். புருஷன் சீக்கிரமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவன் தப்பித்தான்; மாட்டிக்கொண்டது மகள். மகள் மடித்த துணியைத் திரும்ப மடிப்பாள், மகள் பெருக்கிய இடத்தைத் திரும்பப் பெருக்குவாள். பள்ளிக்கு வரைந்த படத்தில் மரம் சாய்ந்திருக்கிறதென்று அழித்துத் தானே போட்டுக் கொடுப்பாள். படத்துக்குப் பரிசு கிடைத்தது. பரிசை மகள் வீட்டுக்கே கொண்டுவரவில்லை. கேட்டதற்கு, "உன் கைக்கு ஒரு பொருள் போனா அது என்னோடதா திரும்பி வராதும்மா. அது உன் பரிசு, நீயே போய் வாங்கிக்கோ" என்றாள். "வாய் எவ்வளவு நீளம் பாரு" என்று அம்மா சிரித்தாள். அன்றைக்குச் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

கம்பெனியை மூடியபோது, பின்னல் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு பள்ளிக்கூடம் கேட்டதாக யாரோ சொல்ல, அங்கே போய்ச் சேர்ந்தாள். விசித்திரமான பள்ளிக்கூடம். பரீட்சை கிடையாது. சின்ன வகுப்புகளுக்குப் பாடப் புத்தகமும் கிடையாது. மொழி சார் கதை சொல்வார், பிள்ளைகள் அதை வாயால் சொல்லி, கையால் தட்டி, மெழுகு வண்ணத்தில் வரைந்து, அப்புறம்தான் எழுத்துக்கே வருவார்கள். அசைவு டீச்சர் என்று ஒருத்தி. மெல்லிய துணிச் செருப்பு மாட்டிய பிள்ளைகளை மர ஹாலில் வட்டமாக நடக்கவிட்டு, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கையசைவு சொல்லிக்கொடுப்பாள். கைவேலை வகுப்பில் ஆணும் பெண்ணும் பின்ன வேண்டும். பின்னல் ஊசியைக்கூடக் குச்சி வாங்கி அவர்களே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் செய்துகொள்வார்கள். எட்டு வயதில் எல்லாரும் ஒரு கம்பளிச் சதுரம் பின்னி முடிப்பார்கள். அதை மடித்துத் தைத்துப் பஞ்சு அடைத்தால் முயல்.

சேர்ந்த அன்று பெரிய டீச்சர் உட்காரவைத்துச் சொன்னாள்: "இங்க ஒரே ஒரு சட்டம்தான். பிள்ளையோட வேலையில பெரியவங்க கை படக் கூடாது. தப்பா வந்தா தப்பாவே இருக்கட்டும். தன் கையே தனக்குதவின்னு அதுங்களே கத்துக்கட்டும்."

கைவேலை டீச்சர் பலமாகத் தலையாட்டினாள். ஒரு வாரம் கடைப்பிடித்தும் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நீ கையைக் கட்டிக்கொண்டு நில் என்றால் நிற்க முடியுமா? இரண்டாவது வாரம், பிள்ளைகள் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு, கூடையிலிருந்து ஒரு பின்னலை எடுத்து, நழுவிய கண்ணி ஒன்றைத் தூக்கிக் கட்டினாள். ஒன்றே ஒன்று. யாருக்கு நஷ்டம்? அப்புறம் இறுக்கமான கண்ணிகளைத் தளர்த்தினாள். அப்புறம் முழு வரிசையையே பிரித்துப் போட்டாள். மறுநாள் வந்த பிள்ளைகள் தங்கள் பின்னல் ராத்திரியில் தானாகத் தேறிவிட்டதைப் பார்த்து வாயைப் பிளந்தன. பெற்றவர்கள் பூரித்தார்கள். "உங்க கைராசி டீச்சர்" என்று பெரிய டீச்சரே சொன்னாள். உண்மையில் வெறும் கை. ராசி ஒன்றும் இல்லை.

அந்த வகுப்பில்தான் மிளகு இருந்தாள். ஆள் சிறிசு, வாய் காரம். பேர் வைத்தது மொழி சார். அவளுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகும் நோய். முதல் வருஷம் அசைவு வகுப்பு வட்டத்தில் எல்லாரோடும் நடந்தாள். அடுத்த வருஷம் வட்டத்தின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மற்ற பிள்ளைகள் அவளைச் சுற்றி வந்தன. "நான் ராணி, நீங்கல்லாம் செக்குமாடு" என்பாள். பின்னலுக்கென்று மொழி சார் நாலு சொல்லில் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். குனிந்தான், கோத்தான், இழுத்தான், இறங்கினான். ஊசி செய்யும் நாலு வேலை. அதை அசைவு டீச்சர் நாலு அடியாக நடக்கவைப்பாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வது மிளகுதான். குரல் சொன்னதை விரல் கேட்கவில்லை. ஒரு வகுப்பு முழுக்கப் போராடினாலும் அரை வரிசை வராது. வந்ததிலும் ஒரு கண்ணி கல் மாதிரி இறுகியிருக்கும், அடுத்தது தொங்கும்.

கைவேலை டீச்சர் அதைப் பிரித்தாள். பிரித்துத் திரும்பப் போட்டாள். பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதென்று மேலே இரண்டு வரிசை சேர்த்தும் போட்டாள்.

மிளகின் அம்மா வாசலில் மகளை அழைத்துப்போக வரும்போதெல்லாம் அந்தப் பின்னலை விரித்துப் பார்ப்பாள். கைதான் முதலில் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். "டாக்டருக்கு என்ன தெரியும்? இது போற கையா? நீங்களே பாருங்க" என்று வருகிற போகிற பெற்றோரிடமெல்லாம் நீட்டுவாள். அதைப் பக்கத்தில் நின்று கேட்ட கைவேலை டீச்சர் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். எப்படி நிறுத்துவது? இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்கு அந்த அம்மா கையில் ஓட்டையும் முடிச்சுமாக ஒரு துணி போகும். கை போய்விட்டது என்று அதுவே சொல்லிவிடும். இரக்கத்தில்தான் செய்தாள், அதில் சந்தேகமில்லை. புலிவாலைப் பிடித்தவர்களில் பாதிப்பேர் இரக்கப்பட்டுத்தான் பிடித்திருப்பார்கள்.

அந்தச் சமயத்தில் கைவேலை டீச்சரின் மகளுக்குப் பிரசவம். இவள் லீவு போட்டு ரயில் ஏறினாள். அங்கே ஒரு நாள் மகள் குழந்தையைத் துணியில் சுற்றிப் படுக்கவைத்திருந்தாள், ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இவள் கை சும்மா இருக்குமா? அவிழ்த்து, இழுத்து, கச்சிதமாகச் சுற்றிவைத்தாள். மகள் குளித்துவிட்டு வந்தாள். உட்கார்ந்து அதை அவிழ்த்து, பழையபடி, கால் வெளியே நீட்டும்படியே சுற்றினாள். சுற்றும்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மா நாலு நாள் முன்னதாகவே ஊர் திரும்பிவிட்டாள்.

திரும்பி வந்து முதல் வேலையாகக் கூடையைத் துழாவினாள். மிளகின் பின்னல் அதில் இல்லை. அவள் மடியில் இருந்தது. டீச்சர் இல்லாத நாட்களில் அசைவு டீச்சர்தான் வகுப்பைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னத் தெரியாது; பாட்டைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

"என்ன, முயலை மடியிலயே கட்டிட்டு உக்காந்திருக்க? கூடையில போடு, பாத்துட்டுத் தர்றேன்."

"மாட்டேன். போட்டா நீங்க பிரிச்சிடுவீங்க."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் போட்டது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" மிளகு பின்னலைத் தூக்கிக் காட்டப் பார்த்தாள், கை பாதியிலேயே இறங்கிவிட்டது. "மேல இருக்கற நாலு வரிசை நான் போட்டேன். ஓட்டை இருக்கு. ஆனா அது நான் போட்ட ஓட்டை. நீங்க தொடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

கைவேலை டீச்சர் அவள் உள்ளங்கையில் தன் கையை வைத்தாள். பிடிக்கத் தெம்பில்லாத, குளிர்ந்த கை. வெட்கத்தில் டீச்சரின் காது மடல் எரிந்தது. குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள். அந்த நிலையிலும் அதைத்தான் கேட்கத் தோன்றியது.

"சொன்னா அழுவாங்க. நீங்களே சொல்லிக்கோங்க."

அடுத்த வாரம் மிளகு வரவில்லை. காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவள் திரும்பவில்லை. அசைவு வகுப்பில் நடு நாற்காலியை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் ரொம்ப நாள்வரை அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றி நடந்தன.

ஒரு மாதம் கழித்து, பள்ளி விட்டபின், அவள் அம்மா கைவேலை அறைக்கு வந்தாள். பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து அந்தப் பின்னலை எடுத்தாள். ஊசி இன்னும் அதில் கோத்தபடியே இருந்தது.

"இதை முடிச்சுக் குடுங்க டீச்சர். முயலாத் தச்சு அவ போட்டோ பக்கத்துல வைக்கணும்."

"தச்சுத் தர்றேம்மா." இத்தோடு அவள் போய்விட்டால் போதும் என்று கைவேலை டீச்சருக்கு இருந்தது.

"அதுக்கு முன்னாடி மேல இருக்கற இந்த நாலு வரிசையைப் பிரிச்சிடுங்க." அந்த அம்மா விரலால் தடவிக் காட்டினாள். "அப்ப அவளுக்கு ரொம்ப முடியாமப் போச்சு. கீழ பாருங்க, எவ்வளவு அழகாப் போட்டிருக்கா. கடைசில பட்ட கஷ்டத்தை நான் தினமும் பாக்க வேணாம். நல்லா இருந்தப்ப போட்டது போதும் எனக்கு."

ஊசியை உருவி ஒரு நுனியை இழுத்தால் தீர்ந்தது. நாலு வரிசையும் ஒரு மூச்சில் போய்விடும். இந்த அம்மாவுக்கு ஆறுதல், டீச்சருக்கு வேலை மிச்சம், மானம் மிச்சம். கேட்காமலே கோணலை நேராக்கிய கை. இன்றைக்குக் கேட்டே கொடுக்கிறார்கள். கை ஊசிக்குப் போயும்விட்டது. ஊசியைப் பிடித்த கட்டைவிரலுக்கு அடியில் மிளகின் கண்ணி ஒன்று தட்டுப்பட்டது. முடிச்சு மாதிரி இறுகிக் கிடந்தது.

"இதுதாங்க அவ போட்டது" என்றாள்.

"எது?"

"இந்த நாலு வரிசைதான். கீழ இருக்கறது எல்லாம் நான் போட்டது. அவளுக்கு வரல. தினம் பிரிச்சுப் பிரிச்சு நான்தான் போட்டேன்."

அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. ஏதோ அடக்கமாகப் பேசுகிறாள் என்று நினைத்தவள் போல லேசாகச் சிரித்தாள். பிறகு முகம் மாறியது.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"நான் இதை டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன் டீச்சர். சண்டை போட்டேன். நீங்க சொன்னது தப்புன்னு இதை மேஜைமேல போட்டேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் காட்டினேன். உங்க முன்னாடிதானே காட்டினேன்? பாத்துட்டுத்தானே நின்னீங்க? இருந்தப்ப சொல்லாம இப்ப எதுக்குச் சொல்றீங்க? யாருக்கு இப்ப இது?"

கைவேலை டீச்சர் பின்னலை அவளிடமே நீட்டினாள்.

அந்த அம்மா அதை வாங்கி, மேல் வரிசைகளைத் தடவினாள். "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். தான் போட்டதைப் பிரிக்கக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா. உங்ககிட்ட சொன்னா அழுவீங்கன்னு அவ சொல்லல."

அம்மா அழவில்லை. பின்னலை மேஜைமேல் வைத்து டீச்சர் பக்கம் தள்ளினாள். "உங்களோடதை எடுத்துடுங்க."

"முயல் வராதும்மா அப்புறம்."

"வேணாம். பிரிங்க. உங்களோடது எனக்கு எதுக்கு?"

பின்னலை மேலிருந்துதான் பிரிக்க முடியும். நடுவிலிருந்து பிரிப்பதென்றால் அறுக்க வேண்டும். கைவேலை டீச்சர் கத்தரிக்கோலை எடுத்து, மிளகின் வரிசைக்கு நேர் கீழே தன் வரிசையில் ஒரு கண்ணியை வெட்டினாள். வெட்டிய இழையை மெல்ல உருவிக்கொண்டே, அடியில் விடுபட்ட மிளகின் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஒரு சிவப்புத் தையல் நூலில் கோத்தாள். ஊசியிலிருந்த மேல்பக்கக் கண்ணிகளையும் அதே சிவப்பு நூலுக்கு மாற்றினாள். எது பிள்ளை போட்டது, எது போடாதது என்று பார்த்ததும் தெரியட்டும் என்று. பிறகு தன்னுடையதைப் பிரித்தாள். ஒரு இடத்திலும் சிக்கவில்லை. ஒரே சீரான கண்ணிகள், சரசரவென்று வந்தன. ஒரு வருஷ வேலை மேஜைமேல் சுருள் சுருளான நூலாகக் குவிந்தது.

மிச்சத்தை அந்த அம்மா உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். விரல் அகலம்கூட வரவில்லை. நடுவில் இரண்டு ஓட்டை. ஒரு ஓரம் சுருண்டு கோணிக்கொண்டு நின்றது. கைவேலை டீச்சரின் கை எழுந்தது. அவள் அதை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

"இவ்வளவுதாங்க."