ஸ்பீக்கர் பழசு

சாயங்காலம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால், முதல் வீட்டு டிவியில் தொடங்கிய சீரியல் மாமியாரின் வசவு, ஒரு சொல் விடாமல் கடைசி வீடு வரை கூடவே நடந்து வரும். கடைக்குப் போகும் பெண்கள் கதையைத் தவறவிடாமல் திரும்பிவிடுவார்கள். கும்மிடிப்பூண்டியில் அப்போது எல்லார் வீட்டிலும் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த, முதுகு புடைத்த சின்ன டிவிதான். தெரு ஆண்களில் பாதிப்பேருக்கு இரும்புக் கம்பி இழுக்கும் "ரோலிங் மில்"லில் வேலை. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று எனக்கு அன்று தெரியாது.

அப்பா மில்லில் கான்ட்ராக்ட் ஆள். செக்கச்செவேலென்று கம்பி ஓடும் இடத்து இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது, எல்லாம் கைஜாடைதான். கட்டைவிரலைத் தூக்கி ஆட்டினால் "இன்னும் ஏத்து" என்று பொருள். அந்த ஜாடையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். குழம்பு வேண்டுமென்றாலும் கட்டைவிரல், டிவி சத்தம் போதவில்லை என்றாலும் கட்டைவிரல். சத்தத்தை முழுக்க ஏற்றிய பிறகும் விரல் ஆடிக்கொண்டே இருந்த ஒருநாள், டிவி "ரிப்பேர்" என்று அவரே முடிவு கட்டி, அம்மாவையும் என்னையும் புதுவாயல் மெக்கானிக்கிடம் அனுப்பினார்.

மெக்கானிக் பின்மூடியைக் கழற்றித் தூசி ஊதி, ஓடவிட்டுப் பார்த்தார். கடையே அதிர்ந்தது. அணைத்துவிட்டு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"டிவி நல்லாத்தான் கீதுக்கா. அண்ணன் காதைப் போய்க் காட்டுங்க. உங்க தெருவுலேர்ந்து வர்ற டிவிங்க எல்லாமே இப்டித்தான்."

அம்மா காட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் மில்லுக்குத் தெரியும், தெரிந்தால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். பக்கத்து வீட்டுக்காரரை அப்படித்தான் நிறுத்தியிருந்தார்கள். பஸ்ஸில் டிவியை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் என் பக்கம் திரும்பாமலே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் காதருகே குனிந்து, "ஸ்பீக்கர் பழசாயிடுச்சாம். அவ்ளோதான் வருமாம்" என்று கத்தினாள். அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது.

இப்போது எங்கள் தெருவில் சத்தமே இல்லை. ஆளுக்கொரு போன், காதுக்குள் வயர். அப்பாவை மில்லிலிருந்து எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அதே மில்லுக்கு இப்போது நான் போகிறேன், வேறு எங்கே போவது? போன மாதம் சுவரில் மாட்டுகிற டிவி ஒன்று வாங்கினேன். பழையதை எடைக்குப் போடலாமென்று தூக்கியபோது அப்பா குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"போடாதடா. ஸ்பீக்கர் ஒண்ணு மாத்திட்டா நல்லா கேக்கும்."

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் சொன்ன பொய்தான் அவருக்கு மிச்சமிருக்கும் நம்பிக்கை. அதைப் பிடுங்க எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. டிவியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா வெளியே போயிருந்தார். நான் புது டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எதிரே வந்து நின்று ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, வார்த்தை விழவில்லை. இன்னும் உரக்கச் சொல் என்று கட்டைவிரலைத் தூக்கி ஆட்டினேன்.