ரெண்டு பேர் போதும்

செல்லையா அண்ணாச்சி போய்விட்டார். நேற்றுக் காலை, பரளச்சியில் அவர் வீட்டிலேயே... ஹார்ட் அட்டாக்.

அருப்புக்கோட்டையில் எங்கள் ஜவுளிக்கடைக்கு வந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். "அவுக உக்கார ஒரு சேரப் போடுப்பா" என்று மாடிப்படியில் நின்று கத்துவாரே, அவர்தான். எனக்கு முன்னால் மேனேஜராக இருந்தவர்.

நான் அப்போது பில்லிங்கில். "மேனேஜருக்கு என்னதான் அண்ணாச்சி வேலை? சும்மா நடந்துக்கிட்டே இருக்கீக" என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன்.

"முதலாளிகிட்ட ஏச்சு வாங்க ஒரு ஆளு வேணும்லய்யா... அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

ஒரு தீபாவளிக் கூட்டத்தில், சேலை செக்‌ஷன் முத்துலட்சுமிக்கு நரிக்குடியிலிருந்து போன். அவள் அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறதாம். அண்ணாச்சி யாரையும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து அவளை ஏற்றிவிட்டு, அப்புறம்தான் முதலாளியிடம் போனார்.

"அனுப்பிட்டேன் முதலாளி. வையிறதா இருந்தா என்னைய வைங்க."

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு அவள் கவுண்டரில் அவரே நின்றார். அவர் சேலை மடித்த லட்சணத்தைப் பார்த்து, கடைக்கு வந்த பெண்களெல்லாம் சிரிக்க, "யக்கா, சிரிச்சது போதும், ஒண்ணு வாங்கிட்டுப் போங்க" என்றார் மனுஷன்.

இப்போது மேனேஜர் நான்.

நேற்றுச் செய்தி வந்ததும் கடையே என் முகத்தைப் பார்த்தது. நான் நேராக முதலாளியிடம் போய் அனுமதி கேட்டேன். "ஆடித் தள்ளுபடி நேரம்... ரெண்டு பேர் போதும்" என்றார். "சரிங்க முதலாளி" என்றேன். அவ்வளவுதான் என் வீரம்.

அந்த ரெண்டு பேரில் ஒருவன் நான். இன்னொருவன், பைக் வைத்திருக்கிறவன். த்தூ...

"நானும் வாரேன் சார்" என்று முத்துலட்சுமி வந்து நின்றாள். நாளைக்குப் போய்க்கொள்ளச் சொன்னேன்.

"நாளைக்குப் போயி யார சார் பாக்க?"

பைக்கில் ஏறிவிட்டேன்.

பரளச்சியில் அண்ணாச்சியின் வீட்டம்மா என்னைப் பார்த்ததும், "கடையில எல்லாரும் வாராகளா தம்பி? அவுக வந்தப்புறம் எடுக்கலாம்னு சொல்லிருக்கேன்" என்றார்கள்.

"வாராகம்மா."

எப்படித்தான் வாய் வந்ததோ. வெயில் தாழும்வரை, என் பொய்யை நம்பிக் காத்திருந்தார்கள். அப்புறம் ஊர்ப் பெரியவர்கள் சத்தம் போட்டு எடுத்துவிட்டார்கள். அந்தம்மா அப்போதும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் கடைக்குத் திரும்பினேன். கூட்டம் குறையவில்லை. முத்துலட்சுமி கவுண்டரை விட்டு வந்து மெதுவாகக் கேட்டாள்.

"மொகம் எப்படி சார் இருந்துச்சு?"

அந்தம்மாவிடம் பொய் சொன்னதிலிருந்து நான் குனிந்த தலை நிமிரவே இல்லை. அண்ணாச்சி முகத்தைப் பார்க்கவில்லை என்று இவளிடம் எந்த வாயால் சொல்ல?

"நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

முதலாளி இந்தப் பதிவைப் படிப்பார். படிக்கட்டும்.

நிம்மதியாப் போங்க அண்ணாச்சி... உங்க சீட்டுல உக்கார எனக்கு வெக்கமா இருக்கு.