ஓர்சோலாவின் மணிக்கட்டு

ஓர்சோலாவைப் பற்றிப் பேச என்னைவிட உரிமையுள்ளவள் ஃபெர்ராராவில் கிடையாது. ஒரே தெரு. என் அடுப்பில்தான் அவள் ரொட்டி வெந்தது. அவள் கணவர் தத்தேயோ, டியூக்கின் அரண்மனைக் கவிஞர். மாலையானால் கோட்டை ஜன்னல்களிலிருந்து அவர் பாட்டு தெருவரைக்கும் கேட்கும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

கவிதைக்குக் கீழே பெயர் போடுவது அரண்மனைக்காரர்களுக்கு இழுக்கு. அச்சுக்குக் கொடுப்பது அதைவிடக் கேவலம். கையால் எழுதி, சீமாட்டிகளின் கையுறைக்குள் வைத்துக் கொடுப்பார்கள். கையெழுத்தைப் பார்த்தே யாருடையது என்று எல்லோருக்கும் தெரியுமாம். நல்ல வழக்கம், போங்கள்! தத்தேயோ செத்துப்போனார். பின்னாலேயே டியூக்கும் வாரிசில்லாமல் போய்ச்சேர்ந்தார். அரண்மனையே பெட்டி கட்டிக்கொண்டு மோதெனாவுக்குப் போயிற்று, கையுறைகளும்தான். ஊர் போப்பாண்டவர் கைக்குப் போனது; ரோமிலிருந்து வந்த புதுத் துரைமார் தத்தேயோவின் பாட்டுகளைப் புளித்துப்போன சரக்கு என்றார்கள்.

பிறகு தேவாலயத்துக்கு எதிரே கடை வைத்திருந்த அச்சுக்காரர் ஒரு பாட்டுப் புத்தகம் போட்டார். அதில் தத்தேயோவின் பாட்டும் இருந்தது: மணிக்கட்டில் நெருப்பில் பிறந்த பிறையைத் தாங்கியவளைப் பற்றியது. கீழே, 'எழுதியவர் தெரியவில்லை'. ஓர்சோலாவுக்கு ஒரு வாய் ரொட்டி இறங்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

அச்சுக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். அரண்மனை ஆள் யாராவது சாட்சி சொன்னால் மறுபதிப்பில் பெயர் போடலாமாம். சாட்சிக்கு யார் மிச்சம்? அந்தப் பிறை டியூக் மனைவியின் தங்கக் காப்பு என்று ஊருக்கே தெரியுமே என்றும் சொன்னார்.

"அது எனக்கு எழுதினதுங்க," என்றாள் ஓர்சோலா.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொந்தப் பொண்டாட்டிக்கு எந்த அரண்மனைக் கவிஞனாவது காதல் பாட்டு எழுதுவானாம்மா? ஊர் சிரிக்காது?"

அதற்குப் பயந்துதானே தத்தேயோ கடைசிவரை வாயைத் திறக்கவில்லை! இப்போது மணிக்கட்டைக் காட்டினால் அவர் மானம் போகும், காட்டாவிட்டால் பெயரே போகும். ஓர்சோலா சட்டைக் கையை மேலே ஏற்றி, மணிக்கட்டை மேசைமேல் வைத்தாள். கல்யாணமான புதிதில் என் அடுப்பு வாய் சுட்ட தழும்பு, பிறையாக வளைந்திருந்தது.

அச்சுக்காரர் குனிந்து பார்த்தார். பெயரை எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

திரும்பும் வழியெல்லாம் அழுதாள். "அவரத் தலைகுனிய வச்சுட்டேன்டி, மெனிகா."

புதுத் துரைமார் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். மணப்பெண்கள் ஓர்சோலாவின் கையைப் பார்க்க வருவார்கள். அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டே காட்டுவாள்.

போன குளிர்காலத்தில் அவளும் போய்விட்டாள். ஒரு காலத்தில் 'டியூக்கின் கவிஞர்' என்று கொண்டாடப்பட்ட மனிதரை ஊர் இப்போது 'ஓர்சோலா வீட்டுக்காரர்' என்கிறது. அதை அவள் காதால் கேட்டுவிட்டுத்தான் போனாள்.