பால் காய்ச்சாத வீடும் என் வாட்ஸ்அப் குழுவும்

கும்பகோணத்தில், வீட்டிலேயே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். சந்தேகம் கேட்பதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. விதி ஒன்றுதான்: இலக்கணம் தவிர எதுவும் பேசக்கூடாது, படம் போடக்கூடாது. காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ போட்டவர்களையெல்லாம் தயவு தாட்சண்யமில்லாமல் வெளியே தள்ளியிருக்கிறேன். அப்படிப்பட்ட என் தலையில் வந்து விழுந்தது ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை.

புருஷனுக்குக் கத்தாரில் வேலை. சூப்பர்வைசர் ஆவதற்கு இங்கிலீஷ் வேண்டுமென்று குழுவில் சேர்ந்தவர், பூதலூரில் இருக்கும் மனைவியையும் சேர்த்துவிட்டார். அவர் அனுப்பிய பணத்தில் அங்கே வீடு கட்டியாயிற்று. ஜோடியாக நின்று பால் காய்ச்சிக் குடிபோக வேண்டியதுதான் பாக்கி. ஒவ்வொரு பண்டிகைக்கும் வருகிறேன் என்பார், வரமாட்டார். கடைசியில் அந்தம்மா அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். ஆனால் குழுவை விட்டுப் போகவில்லை.

ஒருநாள் கேட்டார். "டீச்சர், 'மை ஹஸ்பெண்ட் இஸ் எ லையர்.' இதுல தப்பு இருக்கா?"

தப்பில்லை என்று பதில் போட்டேன். உடனே கத்தாரிலிருந்து வந்தது: "டீச்சர், 'மை மேனேஜர் இஸ் நாட் கிவிங் லீவ்.' இது சரிங்களா?"

சரிதான் என்றேன்.

"அதெப்படிங்க டீச்சர், எனக்கும் சரி, அவருக்கும் சரியா? நல்லா இருக்கே நியாயம்!" என்று எகிறினார் அந்தம்மா.

இதற்கு நடுவில், குழுவிலிருக்கும் சீர்காழி உரக்கடைக்காரர் ஒருவர், 'வென் வில் த மில்க் பி பாயில்ட்?' என்று செயப்பாட்டுவினையில் எழுதி, தனக்கு மார்க் கேட்டார். அட கடவுளே! புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் வெளியே தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். அப்போது அந்தம்மாவின் குரல்பதிவு வந்தது, தமிழில்.

"சாவி என்கிட்டதான் இருக்கு டீச்சர். தெனம் வாசல் வரைக்கும் போறேன். தனியா எப்படிங்க உள்ள போறது?"

விதியை மீறிய பேச்சுதான்; ஆனாலும் கொண்டுபோன விரலை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் எழுதினார். "'ஐ யாம் கமிங் ஹோம்.' சரிங்களா டீச்சர்?"

நான் பதில் அடிப்பதற்குள் அந்தம்மா முந்திக்கொண்டார். "தப்பு. தேதி போடல."

சாயங்காலமாயிற்று. பிறகு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது, விமான டிக்கெட். தள்ளிவிட எனக்குக் கை வரவில்லை.

அதற்குக் கீழே அந்தம்மா எழுதியிருந்தார். "டீச்சர், இதுல தப்பு ஒண்ணும் வந்துடாதுல்ல?"

"வராதும்மா," என்றேன். "போய் வீட்டைத் திறந்து ஒட்டடை அடி."