சால்வை விழுந்த மைக்

கஸ்தூரிக்கு மூக்கின் மேல் கோபம் என்று பருத்திப்பட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது கொஞ்சம் தப்பு. அவளுடைய கோபம் குடியிருந்தது காதில். கச்சேரி நடக்கும்போது தலைக்கு மேல் மின்விசிறி கிரீச்சிட்டால் கோபம். பிளாஸ்டிக் நாற்காலியை யாராவது தரையில் இழுத்தால் கோபம். பாட்டு உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்துப் பின்வரிசையில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்த ஒரு பெரியவரிடமிருந்து அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, மங்களம் பாடி முடித்த பிறகு திருப்பிக் கொடுத்தவள் அவள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் ஒரு கச்சேரியை நடக்கும் இடத்திலேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வந்து நின்றதும் ஏன் கூப்பிட்டோம் என்று வருத்தப்படுவார்கள். பதிவைக் கேட்ட பிறகு மறுபடியும் கூப்பிடுவார்கள்.

அவள் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ஆவடித் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த கஸ்தூரி ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆம்ப்ளிஃபையர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பதினொரு வருஷம் இருந்தாள். முடிந்து வரும் பெட்டிகளை ஓடவிட்டுக் கேட்டு, இரைச்சல் வருகிறதா என்று பார்ப்பது வேலை. இரைச்சல் உள்ள பெட்டிகளை மேற்பார்வையாளர் நல்லது என்று முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டிருந்ததை, வாங்க வந்தவர் எதிரிலேயே போட்டு உடைத்தாள். அன்று மாலையே வேலை போய் வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் வேலுசாமிக்குத் திருமழிசையில் கடைசல் பட்டறை வேலை. அந்தச் சத்தத்தில் இருந்து இருந்து அவனுக்குக் காது பாதிதான் கேட்கும். அதனால்தான் குடும்பம் ஓடுகிறது என்று அவனே சொல்வான்.

அதன் பிறகுதான் மைக் வாங்கினாள். ஒரு கம்பியில் ஜோடியாகப் பொருத்திய இரண்டு மைக், ஆளுயரத்துக்கு மேல் நீளும் ஒரு ஸ்டாண்டு, உள்ளங்கையில் அடங்கும் ரெக்கார்டர், ஹெட்போன், ஒயர்ச் சுருள், தரையில் ஒயரை ஒட்ட டேப். அவ்வளவும் ஒரு ஸ்கூட்டரில் அடங்கிவிடும். மண்டபத்து ஒலிபெருக்கியிலிருந்து அவள் ஒயர் இழுக்கவே மாட்டாள். அதில் எக்கோவைப் போட்டு ஊற்றியிருப்பார்கள். பாடுகிறவருக்கு எதிரே எட்டடி தள்ளி, உட்கார்ந்தவர் தலைக்குக் கொஞ்சம் மேலே மைக்கை நிறுத்தி, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பவருக்கு எப்படி விழுமோ அப்படியே பிடிப்பாள். ஒரு வீம்பும் உண்டு. மேடையில் யாராவது பேச எழுந்தால் ரெக்கார்டரை நிறுத்திவிடுவாள். அவளிடம் இருக்கும் எந்தப் பதிவிலும் ஒரு நிமிஷப் பேச்சு கிடையாது.

அந்த ரெக்கார்டரில் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். கருவி தயார், அவ்வளவுதான். ஹெட்போனில் எல்லாம் கேட்கும், அளவு காட்டும் முள் ஆடும், ஆனால் எதுவும் பதியாது. இரண்டாவது தடவை அழுத்தினால்தான் விளக்கு நிலையாக எரிந்து பதிவு ஓடும். ஒருமுறை கல்யாண வீடியோக்காரர் ஒருவர் ஒரு தடவை மட்டும் அழுத்திவிட்டு நாதஸ்வரம் முழுவதையும் கோட்டைவிட்டார். விளக்கு எரிவதைப் பார்க்கத் தெரியாதவன் கையில் கருவி எதற்கு என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டாள். அதை வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஹேமாவதி அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ராணுவத்துக்கு உடை தைக்கும் இடத்தில் முப்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். நவராத்திரிக்கும் கோயில் விசேஷத்துக்கும் பாடியே பெயர் வாங்கியவர். கச்சேரியின் கடைசியில், மிருதங்கம் ஓய்ந்த பிறகு, தாளம் இல்லாமல் விருத்தம் பாடுவார். அதற்காகவே ஆட்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த விருத்தம் எங்கேயும் பதிவானதில்லை. ஒரு நாள் அக்கா பருத்திப்பட்டுக்கு வந்து, கழுத்தில் கட்டி இருக்கிறது, அடுத்த வாரம் அறுவை சிகிச்சை, கட்டி குரல் நரம்பை ஒட்டிக்கொண்டிருக்கிறது, குரல் திரும்பும் என்று டாக்டர் உறுதி கொடுக்கவில்லை என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முகப்பேரில் ஒரு குடியிருப்போர் மன்றத்தில் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தார்.

"மத்தது போனாப் போவுது. அந்த விருத்தத்தை மட்டும் புடிச்சுக் குடுத்துடு கஸ்தூரி. அப்பால நான் பாடுனேன்னு எனக்கே நம்பிக்கை வரணும் இல்ல."

கஸ்தூரி தலையாட்டினாள். அழுகை வந்தது, அதையும் கோபமாக்கி, இத்தனை வருஷம் ஏன் பதியவில்லை என்று அக்காவையே திட்டினாள்.

ஞாயிறு மூன்று மணிக்கே முகப்பேர்ச் சமுதாயக் கூடத்துக்குப் போய்விட்டாள். மன்றச் செயலாளர் ஞானசேகரன் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் சிரித்துக்கொண்டே மறுக்கும் ஆள். மேடைக்கு மேலே உள்ள மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். வெயில் காலத்தில் ஜனம் எழுந்து போய்விடும் என்றார். அரை மணி மல்லுக்கு நின்று நிறுத்த வைத்தாள். ஸ்டாண்டு நடுவில் நின்றால் வீடியோவில் சிறப்பு விருந்தினர் முகம் மறையும் என்று அவர் அதை இரண்டடி இடது பக்கம் நகர்த்தினார். அவள் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். ஒயர் ஒட்டிக்கொண்டிருந்தபோது மறுபடியும் நகர்ந்திருந்தது. மூன்றாவது தடவை ஸ்டாண்டின் காலைச் சுற்றித் தரையில் டேப்பால் வட்டம் போட்டு, இதைத் தாண்டி யார் கை வைத்தாலும் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றாள். கச்சேரி தொடங்குவதற்கு முன்பே அவளுக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது.

ஆனால் அக்கா பாட ஆரம்பித்ததும் எல்லாம் அடங்கியது. ஒன்றரை மணி நேரம் குரல் சுத்தமாக வந்தது. வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம், நடுவில் அந்தக் குரல். விளக்கு நிலையாக எரிந்தது. விருத்தம் மட்டும்தான் பாக்கி. அப்போது பார்த்துச் சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தார்.

கூடத்துக்குப் புது நாற்காலிகள் வாங்கிக் கொடுத்த கட்டுமானத் தொழிலதிபர் அவர். அவருக்காகக் கச்சேரியை நிறுத்தினார்கள். கஸ்தூரி பல்லைக் கடித்துக்கொண்டு ரெக்கார்டரை நிறுத்தினாள். அவர் இருபது நிமிஷம் தன் நாற்காலிகளைப் பற்றியே பேசினார். அக்காவுக்குச் சால்வை போர்த்தினார். பக்கவாத்தியக்காரர்களுக்குப் போர்த்தினார். பிறகு ஞானசேகரன் அவருக்கு ஒன்று போர்த்தி, கையில் ஒரு நினைவுப் பரிசையும் திணித்தார். போர்த்திய சால்வையைப் படம் எடுத்த மறுகணம் கழற்றுவது நம் ஊர் வழக்கம். அவரும் கழற்றினார். வைக்க இடமில்லை. மேடையை விட்டு இறங்கும்போது எதிரே கைக்கு வாகாக ஒரு ஸ்டாண்டு நின்றது. சால்வையை அதன் உச்சியில் போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

ஜரிகைச் சால்வை, கனமானது. இரண்டு மைக்கும் அதற்குள் போய்விட்டன. அக்கா சுருதிப்பெட்டியை அப்போதுதான் மறுபடி திறந்திருந்தார்.

கஸ்தூரி எழுந்து போனாள். இருநூறு பேர் பார்க்க, அந்தச் சால்வையை உருவித் தரையில் போட்டாள். மெதுவாக எடுத்து மடித்துக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்ய அவளுக்குத் தெரியாது. முன்வரிசையில் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஞானசேகரன், மேடம், கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் என்றார்.

"இது துணி காயப்போடற கொடி இல்ல சார்," என்றாள் கஸ்தூரி. "பாட்டு கேக்க வந்தா பாட்டைக் கேளுங்க. படம் புடிக்க வந்தா வெளிய நின்னு புடிங்க."

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். விருந்தினர் முகம் சிவந்தது. ஞானசேகரன் சிரிக்காமல் இருந்தது அன்று அப்போதுதான். யாருக்கோ ஜாடை காட்டினார். மேடைக்கு மேலே மின்விசிறி சுழல ஆரம்பித்தது. வேண்டுமென்றே செய்தார், சந்தேகமில்லை. கஸ்தூரி திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, பொத்தானை ஒரு குத்துக் குத்தினாள்.

விருத்தம் பதினொரு நிமிஷம். ஹெட்போனில் அக்கா மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அதன் மேல் மின்விசிறியும் கேட்டது. முடிந்ததும் ஞானசேகரனை என்ன கேட்பது என்று மனசுக்குள் வார்த்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றைவிட ஒன்று காரமாக வந்தது. கடைசி அடியில் அக்கா ராகத்தை மாற்றியபோது முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கஸ்தூரி அதைப் பார்த்தாள், ஏன் துடைக்கிறாள் என்று யோசிக்கவில்லை. கையருகே சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

கைதட்டல் முடிந்து நிறுத்தப் போனபோதுதான் நேரம் காட்டும் இடத்தில் எல்லாம் பூஜ்யமாக இருந்ததைப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியாகப் பதிவானது விருந்தினர் வருவதற்கு முன்னால் பாடிய பாட்டு. 

அக்கா மேடையிலிருந்து இறங்கி நேரே அவளிடம் வந்தார். வயலின்காரர் இன்னும் வயலினைப் பெட்டியில் வைக்கவில்லை. சுருதிப்பெட்டி அணைக்கப்படாமல் மேடையில் முனகிக்கொண்டிருந்தது. ஜனம் பாதிக்கு மேல் உட்கார்ந்துதான் இருந்தது.

"கடேசி விருத்தம் விழுந்துச்சா கஸ்தூரி?"

பக்கத்தில் ஞானசேகரன் நின்றுகொண்டிருந்தார். தரையில் கிடந்த சால்வையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டே, பதிலுக்காக அவரும் அவள் முகத்தைப் பார்த்தார். அவர் இல்லாமல் இருந்திருந்தால் அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள். இந்த மனுஷன் முன்னால் தலை குனிவதா என்று ஒரு கணம் தோன்றியது.

"விழுந்துடுச்சுக்கா," என்றாள்.

அக்கா அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். சுருதிப்பெட்டியை யாரோ அணைத்தார்கள்.

அன்றிரவு அவள் தூங்கவில்லை. மறுநாள் காலை உண்மையைச் சொல்லி, வீட்டிலேயே ஒரு தடவை பாடச் சொல்லிக் கெஞ்சலாம் என்று மைக்கை எடுத்துக்கொண்டு ஆவடியில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை காலியானதால் விடியற்காலையிலேயே வரச் சொல்லிவிட்டார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். பூட்டின் முன்னால் நின்று, அறிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டாள். வீடியோக்காரர் ஞாபகமும் வந்தது.

அங்கிருந்து நேரே முகப்பேருக்குப் போய், ஞானசேகரன் வீட்டு மூன்றாவது மாடி ஏறி, கதவைத் தட்டினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தாள். குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம். அவர் செல்போனை எடுத்து அந்த வீடியோவை அவளுக்கு அனுப்பினார். விருந்தினர் மேடையை விட்டு இறங்கியதிலிருந்து விருத்தம் முடியும்வரை நிறுத்தாமல் எடுத்திருந்தார்.

"நீங்க என்னைப் பேசினதும் இதுல இருக்கும்மா. வேணும்னா அதை வெட்டிட்டுக் குடுங்க."

இரண்டு வாரம் அவள் அந்த ஒலியோடு மல்லுக்கட்டினாள். மின்விசிறியை எடுத்தால் குரலும் சேர்ந்து போனது. குரலைத் தூக்கினால் மின்விசிறியும் எழுந்தது. வேலுசாமி ஒருநாள் பின்னால் நின்று கேட்டுவிட்டு, தன் பாதிக் காதுக்கே அக்கா எங்கேயோ அடுத்த தெருவில் பாடுவதுபோல் இருக்கிறது என்றான். அவன்மேல் எரிந்து விழுந்தாள். அவன் சொன்னது சரி என்பதால்தான் எரிச்சல் அதிகமாக வந்தது.

ஹேமாவதி அக்கா வீடு திரும்பியபோது குரல் திரும்பவில்லை. கழுத்தில் கட்டு, பேசினால் வெறும் காற்று. கஸ்தூரி எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.  அக்காவுக்குக் கோபம் முகமெல்லாம் ஏறியது, சத்தமாக வர வழியில்லை. கஸ்தூரி காதை வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"அன்னிக்கே சொல்லி இருந்தா அங்கியே குந்தித் திரும்பப் பாடி இருப்பேனேடி."

 அக்கா போடச் சொல்லிச் சைகை காட்டினார். போட்டாள். எதையும் வெட்டாமல் அப்படியே கொண்டுவந்திருந்தாள். வெட்டினால் இன்னொரு பொய் என்று தோன்றியிருந்தது. முதலில் கூட்டத்தின் சலசலப்பு. பிறகு, ஞானசேகரன் கையில் இருந்த செல்போனுக்கு இரண்டடி தூரத்தில் நின்று பேசிய ஒரு பெண்ணின் குரல், துணி காயப்போடற கொடி இல்ல சார் என்று, ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று. அதற்குப் பிறகு மின்விசிறி. மின்விசிறிக்குப் பின்னால், தூரத்தில், விருத்தம்.

இரண்டு வாரமாகக் கஸ்தூரி மின்விசிறியைத்தான் கேட்டிருந்தாள், விருத்தத்தை அப்போதுதான் முதல்தடவையாகக் கேட்டாள். கடைசி அடியில் ராகம் மாறும் இடத்தில் அந்த அம்மாள் ஏன் கண்ணைத் துடைத்தாள் என்று புரிந்தது.

பதினொரு நிமிஷமும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, கஸ்தூரியை அருகில் வரச் சொன்னார்.

"உன் குரலு நல்லா விழுந்துகீது," என்றார்.

பிறகு செல்போனைக் காட்டி, மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார். கஸ்தூரி போட்டாள்.