அத்தையின் நீல இமைகள்

என் அத்தைக்கு ஐ ஷேடோ போடக் கற்றுக்கொடுத்தது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. அத்தையைப் போன்ற மாணவி எந்த ஆசிரியருக்கும் வாய்க்கக் கூடாது என்று அந்த வயதிலேயே முடிவுக்கு வந்திருந்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில்தான் எங்களோடு இருந்தார். லிட்டில் இந்தியாவில் ஓர் அழகு நிலையத்தில் உதவியாளர் வேலை. வெட்டிப்போட்ட முடியைக் கூட்டுவது, துண்டு துவைப்பது, வருகிறவர்களுக்குப் புருவம் திருத்துவது. அந்தக் கடையின் முதலாளி அக்கா மணப்பெண் அலங்காரத்துக்கு வெளியே போகும்போது பெட்டி தூக்குவதற்கு மட்டும் அத்தையை அழைத்துப்போவார். "கண்ணுக்குச் சரியாப் போடக் கத்துக்கிட்டு வா, அப்புறம் பாக்கலாம்" என்று அவர் ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

அத்தை மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். கைப்பேசியில் வந்த ஒப்பனை வீடியோக்களோ ஆங்கிலத்தில் இருந்தன. வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் நான். நான்காம் ஆண்டில் வகுப்பு முதல் மாணவி. பின்னாளில் எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்துக்குப் போகப் போகிறவள் என்பது அப்போது யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே வீடியோவில் பேசுவதைத் தமிழில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பழகிப் பார்க்க ஒரு முகமும் வேண்டியிருந்தது.

"கண்ண மூடு. இறுக்கி மூடாதலா. தூங்குற மாதிரி மூடு."

"தூங்குற மாதிரின்னா எப்படி அத்தை? தூங்குறப்ப நான் எப்படி இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வாய மூடு. வாய் அசைஞ்சா கண்ணும் சேந்து அசையுது."

பள்ளி முடிந்து வந்து சீருடையைக்கூட மாற்றாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மின்விசிறியைப் போடக் கூடாது, பவுடர் பறக்கும். பினாங்கு வெயிலில், விசிறி இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய வண்ணப் பெட்டி அது. பிரஷை அதில் நன்றாகக் குத்தி எடுத்து நேராக என் இமையில் வைப்பார். கன்னமெல்லாம் கரியாக உதிரும்.

"தட்டணும் அத்தை! பிரஷை ஒரு தட்டு தட்டிட்டுத்தான் வைக்கணும்னு அவங்க சொல்றாங்க."

"தட்டுனா பவுடர் வீணாப் போகுதுலா."

"என் கன்னத்துல கொட்டுனா மட்டும் வீணாப் போகலையா?"

விளிம்பில் கோடு தெரியாமல் நிறத்தைப் பரப்பிவிட வேண்டும் என்று வீடியோ பெண்மணி சொன்னார். எவ்வளவு நேரம் என்று அத்தை கேட்டார். அவர்கள் நேரம் சொல்லவில்லை, பேசிக்கொண்டே பரப்புகிறார்கள் என்றேன். "அப்ப நீயும் எதையாவது பேசு" என்றார் அத்தை. முந்தின நாள்தான் வாயை மூடச் சொன்னவர்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. வீடியோவில் இருந்தவர்கள் எல்லாரும் பால் வெள்ளை. அவர்கள் புருவத்தின் கீழே வெளிர் நிறத்தைத் தீட்டினால் நிலா வெளிச்சம் போல் இருந்தது. என் கறுத்த இமையில் அதையே தீட்டியபோது சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து ஒட்டிக்கொண்டது போல் இருந்தது. பழுப்பும் செம்பு நிறமும்தான் எங்களுக்கு எடுப்பாக இருக்கும் என்பதை எந்த வீடியோவும் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்கும்வரை என் முகம் ஒவ்வொரு நாளும் சாம்பலாகி, தேங்காய் எண்ணெயில் கழுவப்பட்டது. மறுநாள் பள்ளியில் ஆசிரியை என் கண்ணோரத்தைப் பார்த்து, "வீட்ல என்ன, டிராமாவா?" என்று கேட்பார். எனக்கு மானம் போகும்.

"பாவம்டி, பொண்ணு பாக்க வர்றாங்கல்ல. அதுக்குத்தான் இவ்வளவு பழகுறா. கொஞ்சம் பொறுத்துக்க" என்று அம்மா என்னைச் சமாதானப்படுத்துவார்.

பெண் பார்க்க வரும் ஏற்பாடு அப்பாவுடையது. அப்பா அக்கரையில் பிறை நகரில் லோரி ஓட்டினார். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் பையன், நல்ல குடும்பம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பையனின் அம்மா தொலைபேசியில் பேசியதை அப்பா சாப்பாட்டு மேசையில் பெருமையாகச் சொன்னார்.

"நம்ம வீட்டுக்கு வந்துட்டா வேலைக்கே போக வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அந்தக் கடையில முடி கூட்டுறதெல்லாம் இதோட முடிஞ்சுது."

"அண்ணே, நான் வேலைய விட மாட்டேண்ணே" என்றார் அத்தை.

"வேணாம் வேணாம்னு ரெண்டு இடத்த விட்டாச்சு. இந்தத் தடவ உன்னக் கேக்கப் போறதில்ல. அவங்க சரின்னா சரிதான்."

"அவங்க வேணாம்னு சொல்லிட்டா?"

"அவங்க ஏன் சொல்றாங்க? உனக்கென்ன குறை?"

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். கொஞ்ச நேரம் கழித்து என் அருகில் வந்து உட்கார்ந்து, "ஐ ஷேடோல செய்யக் கூடாததெல்லாம் இன்னொரு வாட்டி வரிசையாச் சொல்லு" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசியில் ஒருவழியாகப் பாடத்தை ஒழுங்காகப் படிக்க வருகிறார்! வாய்ப்பாடு போல் ஒப்பித்தேன். கண்ணை முடித்துவிட்டுத்தான் முகத்துக்குப் பவுடர் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கண்ணிலிருந்து உதிர்வது கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். அடியில் கிரீம் தடவாமல் போட்டால் வியர்வையில் திரண்டு இமை மடிப்பில் கோடு விழும். பிரஷைத் தட்டாமல் வைக்கக் கூடாது. புடவையின் நிறத்தையே கண்ணுக்கும் போடக் கூடாது. புருவம்வரை ஏற்றவே கூடாது. மினுமினுப்பு இமை நடுவில் மட்டும். அத்தை விரல் மடக்கிக் கேட்டு, தன் வாயால் ஒருமுறை திருப்பியும் சொன்னார். ஒன்றையும் தவறவிடவில்லை.

சனிக்கிழமை எனக்குப் போட்டுவிட்டார். மடிப்பில் இளம் பழுப்பு, வெளி ஓரத்தில் கொஞ்சம் அடர்த்தி, நடுவில் செம்பு. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாமல் புகை போல் கரைந்திருந்தது. அம்மாவே அசந்துபோய்க் கைப்பேசியில் படம் பிடித்தார். "பாஸ்" என்று அத்தையிடம் சொன்னேன். நாளைக்கு இதே கை, இதே நிறம். என் மாணவி என் பெயரைக் காப்பாற்றிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பூச்சரத்தைக் கொடுக்க அறைக்குள் போனேன். அத்தை மயில்நீலப் புடவை கட்டி, முகம் முழுக்கப் பவுடர் போட்டு முடித்திருந்தார்.

"அத்தை! கண்ணுதான் முதல்ல!"

"ஆமால்ல. மறந்துட்டேன்."

பிறகு பெட்டியைத் திறந்து, செம்பைத் தாண்டி, பழுப்பைத் தாண்டி, புடவையின் அதே நீலத்தில் பிரஷைக் குத்தினார். அடியில் எதுவும் தடவவில்லை. தட்டவில்லை. நீலத்தூள் கன்னத்தில் பொலபொலவென்று கொட்டியது.

"தட்டுங்க! புடவை கலர் வேணாம்! மேல ஏத்தாதீங்க அத்தை, போதும், போதும்!"

"காச்சாவ் பண்ணாதலா. நீ தொந்தரவு பண்ணா கை ஆடுது."

கை ஆடவே இல்லை. ஆடியிருந்தாலாவது பதற்றம் என்று மன்னித்திருப்பேன். புருவத்தின் கீழ் விளிம்புவரை ஒரே சீராக, இரண்டு கண்ணுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் ஏற்றினார். அதன்மேல் மினுமினுப்பை அள்ளிப் பூசினார். இவ்வளவு நிதானமான கையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி அத்தனை பாடத்தையும் எப்படி மறக்க முடியும்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. எண்ணெயில் பஞ்சை நனைத்துக்கொண்டு ஓடினேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாத. நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இல்ல! மயில் மாதிரி இருக்கு!"

"மயிலு அழகுதானே."

கூடத்தில் பையனும் அவன் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை தேநீர்த் தட்டோடு வந்ததும் என் அம்மாவின் கையிலிருந்த கேசரிக் கிண்ணம் சாய்ந்தது. அப்பா கூரையைப் பார்த்தார். பையனின் அம்மா தேநீரை எடுத்துக்கொண்டு, அத்தையின் முகத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"என்னம்மா, இன்னிக்கு எங்கயாச்சும் டான்ஸ் இருக்கா?"

"இல்ல ஆண்ட்டி. வீட்டுல எப்பவும் இப்படித்தான்."

அதுவரை கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்த பையன் முதல்முறையாக நிமிர்ந்தான். நிமிர்ந்த வேகத்தில் மறுபடியும் குனிந்துகொண்டான். நான் முன்பே சொன்னபடி, தேநீர் பாதி குறைவதற்குள் வியர்வையில் நீலம் திரண்டு இமை மடிப்பில் கோடு விழுந்துவிட்டது. ஒரு சொல் பிசகவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மாவின் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நடுக்கூடத்துக்கு ஓடினேன்.

"எங்க அத்தைக்கு நல்லாப் போடத் தெரியும் ஆண்ட்டி! நேத்து எனக்குப் போட்டாங்க, பாருங்க!"

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். முகம் இளகியது.

"அட, இது ரொம்ப அழகா இருக்கே. நீயாம்மா போட்ட?"

அப்பா கூரையிலிருந்து கீழே இறங்கினார். அம்மாவுக்கு மூச்சு வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தி அத்தையைப் பார்த்தேன். அத்தையும் என்னைப் பார்த்தார். அந்த நீலத்துக்கு நடுவில் அவர் கண்கள் என்னை அப்படியே எரித்துவிடுவது போல் இருந்தன.

"இல்ல ஆண்ட்டி" என்றார். "அது எங்க கடை முதலாளியக்கா போட்டது. எனக்கு இவ்வளவுதான் வரும்."

"பொய்!" என்று கத்தினேன்.

"பாப்பாவுக்கு என் மேல பாசம் ஜாஸ்தி" என்று அத்தை சிரித்தார். "கல்யாணத்தன்னிக்கும் நானே போட்டுக்கலாம்னு இருக்கேன் ஆண்ட்டி. இதவிட இன்னும் கொஞ்சம் கூடுதலா."

பையன் தேநீரைக் கீழே வைத்துவிட்டான். என்னை அம்மா காதைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். பையனுக்கு இப்போது கல்யாணத்தில் விருப்பம் இல்லையாம் என்று மறுநாள் தொலைபேசி வந்தது. அப்பா யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கடைசியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வீடியோ வீடியோன்னு பாத்து நீதான கத்துக் குடுத்த! பாத்தியா, எப்படி ஆயிடுச்சு?"

இதைவிட அநியாயம் உலகத்தில் உண்டா? நான் சொன்னதில் ஒன்றையாவது கேட்டிருந்தால் இப்படி நடந்திருக்குமா? அத்தையோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். இனி என் முகத்தைத் தர மாட்டேன் என்று அறிவித்தும்விட்டேன். அன்று வேலை முடிந்து வரும்போது அத்தை எனக்குப் பிடித்த பசெம்பூர் காய்க் கலவையைக் கடையில் தாப்பாவ் செய்து, பொட்டலமாக எடுத்துவந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வெள்ளரிக்காயை மட்டும் பொறுக்கித் தின்றார். கல்யாணம் நின்றுபோன ஆளுக்குக் கொஞ்சமாவது கவலை வேண்டாமா? எனக்கு எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. பசெம்பூரை மட்டும் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் பாலிக் புலாவில் ஒரு கல்யாணம். முதலாளி அக்கா மணப்பெண்ணைப் பார்த்துக்கொள்ள, அவளுடைய தங்கைகளுக்கு அத்தை போட்டார். திரும்பி வந்ததும் படங்களை என்னிடம் நீட்டினார். குற்றம் கண்டுபிடிக்கும் வெறியோடு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னத்தில் ஒரு தூள் இல்லை. மடிப்பில் கோடு இல்லை. பச்சைப் பாவாடைக்குப் பச்சைக் கண் இல்லை. செம்பு நிறம் இமை நடுவில் மட்டும், விளக்கேற்றியது போல்.

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"இதே மாதிரி அன்னிக்குப் போட்டிருக்கக் கூடாதா? போட்டிருந்தா இந்நேரம் உங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கும்ல?"

அத்தை தொட்டியில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"ஆமாலா" என்றார். "ஆயிருக்கும்."

பாவமாக இருந்தது. எத்தனை பாடம் எடுத்தாலும், முக்கியமான நாளில் சிலருக்கு எல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது. பள்ளியில் அப்படிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரிய மனது பண்ணி அவரை மன்னித்தேன்.

"அடுத்த வாட்டி யாராச்சும் பொண்ணு பாக்க வந்தா, நானே உங்களுக்குப் போட்டு விடுறேன் அத்தை."

"கண்டிப்பா" என்றார் அத்தை. "நீயே போட்டு விடு."

"நீலம் மட்டும் கேக்கக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.