மூன்றாவது லோடு மெத்தை

அரசாங்கத்துக்கு மெத்தை தைக்கிறவனுக்குத்தான் மெத்தையில் படுத்தால் தூக்கம் வராது. டெண்டர் போட்டு அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பலாபத்வலயில் எங்களுடையது தேங்காய்த் தும்பு மெத்தை செய்யும் இடம். பதினாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆமி கெம்ப், அதாவது ராணுவ முகாம் ஒன்றுக்கு ஆயிரம் மெத்தை என்று கேள்விப்பட்டதும் சும்மா இருக்க முடியவில்லை.

பெட்டி திறந்த நாள்

டெண்டர் போட்ட எல்லாரையும் உட்கார வைத்து, பெட்டியைத் திறந்து சத்தமாக வாசித்தார்கள். என்னைவிட விலை குறைத்துப் போட்டவர் ஒரு பக்கத்தில் ஒப்பம் வைக்க மறந்திருந்தார். அவ்வளவுதான், ஆள் அவுட். எனக்கு அந்தப் பயமே கிடையாது. கிளார்க் பிள்ளை என் டெண்டர் கட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்:

"வெத்துப் பக்கத்தையும் ஒப்பம் வைக்காம விடல்லியே, நானா."

மாதிரி மெத்தை

அடுத்தது மாதிரி கொடுக்க வேண்டும். எங்கள் மூத்த வேலையாள் செல்லம்மா அக்காவிடம், "மானத்தைக் காப்பாத்துங்க" என்று சொல்லித் தொலைத்தேன். மகளுக்குச் சீர் கொடுக்கிற மாதிரி தும்பை அடைத்துவிட்டார். கெம்பில் அதை நிறுத்து, அளந்து, புத்தகத்தில் எழுதி, மூலையில் அட்டை கட்டி அரக்கு முத்திரை வைத்து ஸ்டோரில் பூட்டினார்கள். இனி ஆயிரமும் அதே மாதிரி இருக்க வேண்டும். மூன்று தரம் திருப்பினால் ஒப்பந்தம் ரத்து, பெயர் கறுப்புப் பட்டியலில். பெருமையாக வீட்டுக்கு வந்தேன். மச்சான் ஃபாரூக் கேட்டார்:

"ஒண்ணுக்கே இவ்வளவு தும்புன்னா, ஆயிரத்துக்கு எங்க போவீங்க?"

ரெண்டு லோடு

முதல் லோடு நிறை குறைவென்று திரும்பியது. நியாயம்தான். ரெண்டாவதுக்கு மச்சான் வெளியாட்களைப் பிடித்து நிறையைச் சரிக்கட்டினார். நிறை வந்தது, நடுவில் மேடும் வந்தது. கெம்பில் சாமான் பொறுப்பெடுக்கும் மேஜர் ஒரு சிப்பாயைப் படுக்கச் சொன்னார். அவன் அப்படியே உருண்டு தரைக்குப் போனான். எல்லாரும் சிரித்தார்கள், என்னைத் தவிர. இன்னொரு தரம் திருப்பினால் பதினாலு வீட்டிலும் அடுப்பு எரியாது. மேஜர் சிங்களத்தில் சொன்னது இது:

"இதுல படுக்கத் தனியாப் பயிற்சி குடுக்கணும், முதலாளி. அதுக்கு வேற டெண்டர் போடணும்."

மூன்றாவது

இந்தத் தரம் செல்லம்மா அக்கா ஒவ்வொன்றையும் தன் கையால் தடவிப் பார்த்துத்தான் ஏற்றினார். மேஜர் அளந்து பார்த்து, "புத்தகத்தில உள்ளதை விட உயரம் கொஞ்சம் குறைவே" என்று இழுத்தார். தைத்து அடுக்கி வைத்தால் தும்பு நாளாக ஆகக் கொஞ்சம் படியும் என்று எங்களுக்குத் தெரியும், புத்தகத்துக்குத் தெரியுமா? வருவது வரட்டுமென்று, "சேர், சட்டப்படி மாதிரியோட ஒப்பிட்டுப் பாருங்க" என்றேன்.

ஸ்டோருக்குப் பொறுப்பான சார்ஜனின் முகம் செத்துவிட்டது. சாவியைக் காணவில்லை என்றார். மேஜர் அவர் இடுப்பிலேயே தொங்கிய சாவியை வாங்கி, தானே திறந்தார். உள்ளே ஒரு கட்டில், அதன் மேல் எங்கள் மாதிரி மெத்தை, தலைமாட்டில் தலகாணி. மூலையில் முத்திரை உடையாமல் இருந்தது, நடுவில் ஆள் நீளத்துக்குப் பள்ளம். படுக்காத ஓரத்தை மேஜர் அளந்தார். எங்கள் மெத்தையின் உயரமேதான். லோடை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவர் சார்ஜன் பக்கம் திரும்பினார். சார்ஜன் விறைத்து நின்று சொன்னார்:

"சாமான் தாங்குதான்னு நாந்தான் தினமும் கண்காணிச்சேன், சேர்."

எங்கள் ஒப்பந்தத்தை இவ்வளவு அக்கறையாகக் கண்காணித்த அந்த மனுஷனுக்கு ஒரு புது மெத்தை கொடுக்கலாமென்றால், அது லஞ்சமாகிவிடுமாம்.